இந்தக் கேமைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

"கோடிங் கத்துக்கொடுக்கிற கேமாம். ஏத்திக் கொடுக்கலாமா சார்?" அறிவியல் எழுதுகிறவன் ஒருவன் தெருவில் குடியிருக்கிறான் என்று தெரிந்துவிட்டால், இந்தக் கேள்வி அவன் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். புழலில் அது என்னிடம் வருகிறது. மணலி கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வரும் அப்பா கேட்கிறார். துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர் கேட்கிறார். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகக் காத்து நிற்கும் அம்மா கேட்கிறார். சுட்டுத் தள்ளும் கேம் ஆடுவதற்கு இது எவ்வளவோ மேல் என்ற நினைப்பு ஒரு பக்கம். கோடிங் என்று பெயர் சூட்டிக்கொண்டு வந்த இன்னொரு கேம்தானே என்ற சந்தேகம் மறுபக்கம். இரண்டுமே நியாயமானவை. ஆனால் விடை தேடி நாம் வழக்கமாகப் பார்க்கும் இடத்தில் விடை இல்லை.

அந்த இடம், பிளே ஸ்டோரில் கேமின் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் வயதுக் குறி. 3+, 7+, 12+, 16+, 18+ என்று அதில் போட்டிருக்கும். சினிமாவுக்கு இருப்பதுபோல, கேமை ஆடிப் பார்த்துச் சான்று கொடுக்கும் வாரியம் இந்தியாவில் கிடையாது. இந்தக் குறி ஐ.ஏ.ஆர்.சி. என்ற பன்னாட்டு ஏற்பாட்டிலிருந்து வருகிறது. 2015 முதல் கூகுள் இதைப் பயன்படுத்துகிறது. கேமை உருவாக்கியவரே ஒரு கேள்வித்தாளை நிரப்புகிறார். ரத்தம் உண்டா, சூதாட்டம் உண்டா, கெட்ட வார்த்தை உண்டா, போதைப்பொருள் வருகிறதா என்று கேள்விகள். அவர் தரும் பதில்களைக் கொண்டு கணினி வயதைக் கணக்கிட்டுத் தந்துவிடுகிறது. இந்த வழக்கம் பிறந்ததே பயத்தில்தான். மார்ட்டல் காம்பாட் போன்ற கேம்களின் வன்முறையைப் பற்றி 1993 இல் அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்தது. அதன் விளைவாக 1994 இல் இ.எஸ்.ஆர்.பி. என்ற தரக்குறியீட்டு அமைப்பை அங்கே தொடங்கினார்கள்.

ஆக, 3+ என்ற குறி இந்தக் கேமில் என்னென்ன இல்லை என்று மட்டுமே சொல்கிறது. பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது, அவனுக்கோ அவளுக்கோ அது புரியுமா, புரியாதபோது என்ன நடக்கும் என்பதெல்லாம் அந்தக் கேள்வித்தாளில் இல்லை. இதை விளக்க ஒரு பழைய கேமின் கதை வேண்டும். அதற்கு முன், அந்தக் கேம் எங்கிருந்து வந்தது என்ற கதையும் வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரில், பி.பி.என். என்றொரு நிறுவனம். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டுக்குக் கருவிகள் செய்து கொடுத்த இடம். 1967 இல் அங்கே வாலி ஃபோய்ர்சைக், சிந்தியா சாலமன், சீமோர் பேப்பர்ட் ஆகியோர் குழந்தைகளுக்கென்றே ஒரு நிரல்மொழியை உருவாக்கினார்கள். அதுதான் லோகோ. பின்னால் அதில் ஓர் ஆமை வந்து சேர்ந்தது. முன்னே 100 அடி வை, வலப்பக்கம் 90 பாகை திரும்பு என்று சொன்னால் ஆமை கோடு இழுத்துக்கொண்டே போகும். இதையே நான்கு முறை சொன்னால் சதுரம். சதுரம் வராமல் கோடு எங்கோ ஓடிவிட்டால், பிள்ளை எழுந்து நின்று தானே ஆமையாகி நடந்து பார்க்கும். எந்த இடத்தில் தவறாகத் திரும்பினோம் என்று கால் சொல்லிவிடும். உடம்பால் யோசிக்கிற இந்த வழியைப் பேப்பர்ட் பெரிதாக மதித்தார்.

அதே நிறுவனத்தில் வில் கிரௌதர் என்ற நிரலாளர் வேலை பார்த்தார். குகைகளுக்குள் இறங்கி வரைபடம் போடுவதில் பைத்தியம். கென்டக்கியின் மாமத் குகைக்குள் பல முறை போய்வந்தவர். மணமுறிவுக்குப் பிறகு, தன்னைப் பார்க்க வரும் மகள்கள் ஆடுவதற்காக 1975-76 இல் ஒரு கேம் எழுதினார். படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று தட்டினால், நீ இப்போது இன்ன இடத்தில் நிற்கிறாய் என்று திரையில் வரும். அட்வென்சர் என்ற கேம் வகைக்குப் பெயர் கொடுத்தது அதுதான். பிள்ளைகளுக்கான கோடிங்கும், சாகசக் கேமும் ஒரே நிறுவனத்தில் பிறந்தன. இரண்டுமே குழந்தைகளை மனதில் வைத்துப் பிறந்தவை.

இரண்டு கிளைகளும் பின்னர் ஒரு கேமில் வந்து சேர்ந்தன. கிரௌதரின் விளையாட்டில் சொக்கிப்போன வாரன் ராபினெட், அட்டாரி நிறுவனத்துக்காக 'அட்வென்சர்' என்ற கேமைச் செய்தார். பிறகு தி லேர்னிங் கம்பெனி என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1982 இல் அவரும் லெஸ்லி கிரிம்மும் 'ராக்கீஸ் பூட்ஸ்' என்ற புதிர்க் கேமைக் கொண்டுவந்தார்கள். 1984 இல் அதே நிறுவனத்திலிருந்து மைக் வாலஸும் லெஸ்லி கிரிம்மும் செய்த 'ரோபோட் ஒடிசி' வந்தது. இதுதான் நான் சொல்ல வந்த பழைய கேம்.

கதை எளிது. நீங்கள் ரோபோக்களின் நகரத்தில் போய் விழுகிறீர்கள். அதுவும் அதன் சாக்கடைக்குள். அங்கிருந்து மேலே ஏறி வீடு திரும்ப வேண்டும். துணைக்கு மூன்று ரோபோக்கள். ரோபோவின் வயிற்றுக்குள் நீங்களே நுழையலாம். உள்ளே ஒயரிங் செய்யலாம். நான்கு பக்கமும் சுவரில் மோதினால் உணரும் பம்பர், நான்கு பக்கமும் தள்ளிவிடும் உந்துகருவி. எந்த பம்பரை எந்த உந்துகருவியோடு இணைப்பது என்பதில்தான் சூட்சுமம். சரியாக இணைத்தால், நீங்கள் போக முடியாத அறைக்குள் ரோபோ தானாகச் சுவரோரமாக ஊர்ந்து போய்ச் சாமானை எடுத்து வரும். தவறாக இணைத்தால் ஒரு மூலையில் முட்டிக்கொண்டு அதிர்ந்துகொண்டே நிற்கும்.

இடையில் வைக்க லாஜிக் கேட்டுகள் தருகிறார்கள். அவற்றில் அடிப்படையான மூன்று வகைகளை மட்டும் பார்ப்போம். நம் ஊர் ஆட்களுக்கு இது என்னவென்று விளக்கப் பாடப்புத்தகம் தேவையில்லை. ஏரி போதும். புழல் ஏரியின் முழு நீர்மட்டம் 21.20 அடி, கொள்ளளவு 3,300 மில்லியன் கனஅடி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டம் ஏற ஏற, எல்லார் கண்ணும் டிவியின் கீழே ஓடும் எழுத்தில்தான் இருக்கும். உபரிநீர் திறந்தால் நாரவாரிக்குப்பம், கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் என்று கால்வாய் ஓரத்தில் இருக்கிற அத்தனை ஊருக்கும் எச்சரிக்கை போகும். மட்டம் இத்தனை அடிக்கு மேல் இருக்கிறது, நீர்வரத்தும் நிற்கவில்லை, இரண்டும் சேர்ந்தால் மதகைத் திற: இது ஒரு கேட். இரண்டு பக்கமும் உண்மையாக இருந்தால்தான் சிக்னல் வெளியே வரும். மட்டம் எல்லையைத் தொட்டாலோ, கரையில் கசிவு தெரிந்தாலோ சைரனை ஊது: இது இரண்டாவது. ஒன்று உண்மையானாலே போதும். வரத்து இல்லையென்றால் மூடு: இது மூன்றாவது. இல்லாததை இருப்பதாகத் திருப்பிக் காட்டும். மெய்யான மதகைத் திறப்பது, மழைக் கணிப்பிலிருந்து கீழே இருக்கும் ஊர்களின் நிலைவரை பார்த்து நீர்வளத் துறைப் பொறியாளர்கள் எடுக்கும் முடிவு. இங்கே சொன்னது அந்த யோசனையின் எலும்புக்கூடு மட்டும்.

இதைத் தமிழிலேயே நிரலாகவும் எழுதலாம். பள்ளிப் பிள்ளைகளை நினைத்து முத்து அண்ணாமலை 2007 இல் தொடங்கி, 2009 இல் அறிவித்த 'எழில்' என்ற நிரல்மொழி இருக்கிறது. அதில் இப்படி வரும்:

@( நீர்மட்டம் >= 20 && வரத்து > 0 ) ஆனால்
    பதிப்பி "மதகைத் திற"
இல்லை
    பதிப்பி "மூடியே வை"
முடி

ஏழாம் வகுப்புப் பிள்ளை யாரும் சொல்லித்தராமலே இதைப் படித்துப் பொருள் சொல்லிவிடும். ஆச்சரியம் இதற்கு அப்பால் இருக்கிறது. இந்த மூன்று வகைக் கேட்டுகளைப் போதுமான எண்ணிக்கையில் கோத்தால் கூட்டல் வரும். கூட்டலிலிருந்து பெருக்கல் வரும். ஒரு கேட்டின் வாயிலிருந்து வருவதை இன்னொன்றின் காதுக்கும், அதிலிருந்து வருவதை முதலாவதின் காதுக்கும் திருப்பி விட்டால், அந்த ஜோடி ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். நினைவும் கணக்கும் வந்துவிட்டால் கணினி வந்துவிட்டது. நம் சட்டைப் பையில் இருக்கும் ஃபோன் அடிப்படையில் இதுதான். 1984 இல் ஒரு சிறுவன் சாக்கடை ரோபோவின் வயிற்றில் செய்துகொண்டிருந்ததும் இதுவேதான்.

சரி, ரோபோட் ஒடிசியைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? ரத்தம் இல்லை, சூது இல்லை, கெட்ட பேச்சு இல்லை. இன்றைய கேள்வித்தாளை நிரப்பினால் சின்ன வயதுக் குறியே கிடைத்துவிடும். ஆனால் பெரியவர்களே பாதியில் விட்டுவிட்ட கேம் அது. பத்து வயதுப் பிள்ளை இரண்டாவது புதிரிலேயே முட்டி நின்றுவிடும். தீங்கற்றது என்பது வேறு, பொருந்துவது என்பது வேறு. வயதுக் குறி முதலாவதைச் சொல்கிறது. நமக்குத் தெரிய வேண்டியது இரண்டாவது.

அதை எப்படித் தெரிந்துகொள்வது? கேம் வெற்றி கொடுக்கும் நேரத்தைப் பார்த்தால் தெரியாது. எல்லாக் கேமும் ஜெயிக்கும்போது வாணவேடிக்கை விடும். பிள்ளை தவறு செய்யும் நொடியைப் பார்க்க வேண்டும். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

அண்ணன் மகள் ஏழாம் வகுப்பு. 'கோட்காம்பாட்' என்ற கேமை வீட்டு லேப்டாப்பில் திறந்து கொடுத்தேன். 2013 இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது, பிரவுசரிலேயே ஓடும். ஒரு வீரன் நிலவறைக்குள் நிற்கிறான். அவனை மவுஸால் நகர்த்த முடியாது. பைத்தான் மொழியில் 'ஹீரோ.மூவ்ரைட்()' என்று எழுதினால் வலப்பக்கம் போவான். முதல் கட்டத்தில், முள்ளில் படாமல் ஒரு ரத்தினக்கல்லை எடுக்க வேண்டும். அவள் கட்டளைகளை வரிசை மாற்றிப் போட்டுவிட்டு ஓடவிட்டாள். கல் கிடைக்கவில்லை.

"நான் கரெக்டாதானே சித்தப்பா போட்டேன்? இவன் ஏன் இங்கயே நிக்கிறான்?"

"முதல் வரி முடிஞ்சதும் அவன் எங்க நிப்பான், விரலை வெச்சுக் காட்டு."

விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள். இரண்டாவது வரியில் விரல் நின்றது. "ஓ, கீழ இறங்குறதுக்கு முன்னாடியே மறுபடி ரைட்டு போட்டுட்டேன்." வரியைத் தூக்கி மாற்றி வைத்தாள். ஓடியது. அந்த விரல் பேப்பர்ட்டின் ஆமைதான். அவளுக்கு அது தெரியாது, தெரியவும் வேண்டாம்.

சில கட்டங்கள் தாண்டி ஓகர் என்ற குட்டி அரக்கர்கள் வருகிறார்கள். பெயரை மேற்கோள்குறிக்குள் போட்டு அடிக்கச் சொல்ல வேண்டும். ஓர் அரக்கன் விழ இரண்டு அடி தேவை. அவள் ஒரே அடி போட்டுவிட்டு நடந்தாள், பின்னாலிருந்து வாங்கினாள். அடுத்தவனுக்கு நிரல் எழுதும்போது, ஓடவிடுவதற்கு முன்பே கையை எடுத்துவிட்டு, "இவனுக்கும் ரெண்டாதான் இருக்கும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். நான் இதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்கிறாள். பிறகு நடக்கவிட்டுச் சரிபார்க்கிறாள். கோடிங் என்ற பெயரில் மனதுக்குள் வளர வேண்டிய பழக்கம் இதைத் தவிர வேறு இல்லை.

அதே கேமில் எனக்குப் பிடிக்காததும் இருக்கிறது. இரண்டு எழுத்து தட்டினாலே மீதிச் சொல்லை அதுவே எடுத்து நீட்டுகிறது. என்டர் தட்டினால் முடிந்தது. ஆங்கிலம் தட்டத் தடுமாறும் பிள்ளைக்கு இது பெரிய உதவி. ஆனால் வாசிக்காமலே என்டர் தட்டித் தட்டிக் கட்டங்களைத் தாண்டவும் இதே வசதி வழிவிடுகிறது. பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினால், இப்படி எழுதிப் பார் என்று சரியான வரியையே காட்டிவிடுகிறது. நச்சரிப்பு குறைகிறது, தேடும் வேலையும் குறைகிறது. அடி, வெட்டு உண்டு. ரத்தம் தெறிக்காத கார்ட்டூன் அடிதான் என்றாலும், அதை விரும்பாத வீட்டார் விரும்பாமல் இருக்க முழு உரிமை உண்டு.

தவறைக் கையாள்வதில் எனக்குத் தெரிந்த நேர்த்தியான கேம், 2015 இல் டுமாரோ கார்ப்பரேஷன் வெளியிட்ட 'ஹியூமன் ரிசோர்ஸ் மெஷின்'. நீங்கள் ஒரு குமாஸ்தா. ஒரு பக்கத்திலிருந்து எண் எழுதிய பெட்டிகள் வரும். எடுத்து, கூட்டி, மாற்றி, மறுபக்கம் வைக்க வேண்டும். எடு, வை, கூட்டு, அந்த வரிக்குத் தாவு என்று கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய கட்டளைகள்தான். கணினிச் சில்லு உள்ளே பேசும் மொழிக்கு மிக நெருங்கிய மொழி இது. தவறான பெட்டியை வைத்துவிட்டால் மேலதிகாரி நிறுத்துவார். இந்த இடத்தில் இன்ன எண் வர வேண்டும், நீ வைத்தது இன்ன எண் என்று சொல்வார். எப்படித் திருத்துவது என்று சொல்ல மாட்டார். நீங்கள் நிரலை ஒவ்வொரு வரியாக முன்னும் பின்னும் நகர்த்தி, குமாஸ்தா எந்த இடத்தில் பிசகினான் என்று பார்த்துக்கொள்ளலாம். உயிர் போவதில்லை, கடிகாரம் விரட்டுவதில்லை.

தவறுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? இதற்குப் பின்னால் நாற்பது வருட ஆராய்ச்சி இருக்கிறது. லோகோ வந்தபோது, நிரல் எழுதும் பிள்ளை எல்லாவற்றிலும் தெளிவாக யோசிக்கும் என்ற நம்பிக்கை பரவியது. நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீயும் மிடியன் கர்லாண்டும் அதைச் சோதித்தார்கள். ஒரு வருடம் லோகோ கற்ற பிள்ளைகளையும் கற்காத பிள்ளைகளையும் கூப்பிட்டு, வகுப்பறையைச் சுத்தம் செய்யும் வேலைகளைத் திட்டமிடச் சொன்னார்கள். கரும்பலகை துடைப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது மாதிரி. 1984 இல் வெளிவந்த முடிவு ஏமாற்றம் தந்தது. இரண்டு கூட்டத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

அதோடு முடிந்திருந்தால் நானும் இந்தக் கேம்களுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டேவிட் க்ளாரும் ஷரன் கார்வரும் வேறொன்று செய்து பார்த்தார்கள். லோகோவோடு சேர்த்து, பிழை பிடிப்பதையே ஒரு தனிக் கலையாகப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். என்ன வர வேண்டும் என்று நினைத்தோம், என்ன வந்தது, இரண்டுக்கும் என்ன வேறுபாடு, அது எந்த மாதிரிப் பிழையாக இருக்கும், நிரலில் எந்தப் பகுதியில் ஒளிந்திருக்கும், ஒன்றை மட்டும் மாற்று, திரும்ப ஓட்டு. 1988 இல் அவர்கள் வெளியிட்டது இது: இப்படிக் கற்ற பிள்ளைகள் கணினியே இல்லாத இடத்திலும், வழி சொல்லும் குறிப்பில் எங்கே தவறு என்று தேடிப் பிடிப்பதில் முன்னேறினார்கள். 2019 இல் ரோனி ஷெரரும் சக ஆய்வாளர்களும் 105 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசியபோதும், நிரல் கற்றல் பிற திறன்களுக்குப் பயன்படுகிறது, ஆனால் நெருங்கிய திறன்களுக்கு அதிகமாகவும் தூரத்துத் திறன்களுக்குக் குறைவாகவும் பயன்படுகிறது என்ற சித்திரம்தான் கிடைத்தது.

கோடிங் தானாக மூளையைத் தீட்டிவிடாது. தவறைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் தீட்டும். கேம் அந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுக்கிறதா, அதை மிதித்துக்கொண்டு போகிறதா என்பதுதான் நான் பார்ப்பது.

மிதிப்பது எப்படி என்றால், இப்படி. மூன்று தவறுக்கு மேல் உயிர் தீர்ந்துவிடும். அரைமணி நேரம் காத்திரு அல்லது காசு கட்டு. குறிப்பு வேண்டுமா, முப்பது விநாடி விளம்பரம் பார். நேரத்துக்குள் முடிக்காவிட்டால் நட்சத்திரம் போச்சு. பிள்ளை குழம்பி நின்று யோசிக்க வேண்டிய நேரம் எதுவோ, சரியாக அந்த நேரத்தில்தான் கடை விரிக்கிறார்கள். யோசிப்பது நஷ்டம், சீக்கிரம் எதையாவது தட்டிவிடுவது லாபம் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. இப்படிப்பட்ட கேமில் ஆயிரம் கட்டம் கோடிங் இருந்தாலும் என் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன்.

இன்னொரு விஷயமும் பார்க்க வேண்டும். நிரல்தான் ஆட்டமா, ஆட்டத்துக்கு நடுவே நிரல் வந்து போகிறதா? ஓடு, குதி, காசு பொறுக்கு, கதவு வந்ததும் ஒரு கோடிங் கேள்விக்குப் பதில் சொல், பிறகு திரும்ப ஓடு: இந்த அமைப்பில் பிள்ளை கதவை வெறுக்கும். இங்கிலாந்தில் ஜேக்கப் ஹாப்குட், ஷாரன் எய்ன்ஸ்வொர்த் இருவரும் 'ஸோம்பி டிவிஷன்' என்ற கணக்குக் கேமைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். ஒரு வடிவத்தில், எலும்புக்கூட்டு வீரர்களின் மார்பில் எண் இருக்கும். அந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் ஆயுதத்தால் அடித்தால்தான் விழுவார்கள். வகுத்தலே வாள்வீச்சு. இன்னொரு வடிவத்தில் சண்டை தனி. கணக்குக் கேள்விகள் கட்டத்தின் முடிவில் தனி. 2011 இல் வெளிவந்த முடிவின்படி, முதல் வடிவத்தில் ஆடிய பிள்ளைகள் கூடுதலாகக் கற்றார்கள். இரண்டில் எதை வேண்டுமானாலும் ஆடலாம் என்று விட்டபோது, முதல் வடிவத்தில் ஏழு மடங்கு நேரம் செலவிட்டார்கள். கோட்காம்பாட்டும் ஹியூமன் ரிசோர்ஸ் மெஷினும் இந்தச் சோதனையில் தேறிவிடும். நிரலை எடுத்துவிட்டால் அங்கே ஆட்டமே இல்லை.

அவசரப்படுத்துவோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய தேசியக் கல்விக் கொள்கை 2020 இல் ஆறாம் வகுப்பிலிருந்து கோடிங் என்று சொன்ன கையோடு, ஆறு வயதிலேயே தொடங்காவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்ற தொனியில் விளம்பரங்கள் கொட்டின. அந்த ஆண்டே விளம்பர ஒழுங்கு அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ. தலையிட்டதால், அப்படி விளம்பரம் செய்த ஒயிட்ஹேட் ஜூனியர் நிறுவனம் சில விளம்பரங்களைத் திரும்பப் பெற்றது. ஒன்பது வயதில் தொடங்கிய பிள்ளைக்கும் பன்னிரண்டு வயதில் தொடங்கிய பிள்ளைக்கும் வாழ்க்கையே மாறிப்போய்விடாது. இது ரயில் இல்லை. வண்டி போய்விடாது.

வடசென்னை வீடுகளில் பெரும்பாலும் பிள்ளைக்கென்று கருவி கிடையாது. அப்பாவின் ஃபோன்தான். அதில்தான் ஜிபே, அதில்தான் கம்பெனி வாட்ஸ்அப், ஷிஃப்டுக்குக் கிளம்பினால் ஃபோனும் கிளம்பிவிடும். 2023 இல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அவர்களைக் குறிவைத்து விளம்பரம் கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அப்பாவின் கணக்கில் ஆடும் பிள்ளையை, கேம் நாற்பது வயது ஆளாகவே எடுத்துக்கொள்ளும். அந்த வயதுக்குரிய விளம்பரத்தைத்தான் காட்டும். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் வாங்குதலுக்குப் பாஸ்வேர்டு போட்டுவைப்பதும், ஒரு முறை ஏற்றிவிட்டால் நெட் இல்லாமலே ஓடுகிற கேமைத் தேர்ந்தெடுப்பதும் இதற்கு மருந்து. நெட்டை அணைத்துவிட்டால் விளம்பரமும் இல்லை, முன்பின் தெரியாதவர் சாட்டில் வரவும் முடியாது. ஒரே முறை காசு கொடுத்து வாங்கும் கேம், இலவசக் கேமைவிடப் பல நேரங்களில் மலிவு.

மொழி பெரிய தடை. அது பிள்ளையின் அறிவுக்குறை இல்லை. தமிழ்வழியில் படிக்கும் பத்து வயதுப் பிள்ளை ஒரு கட்டத்தில் நின்றுவிட்டால், நிரல் புரியவில்லையா, மேலே இருக்கும் ஆங்கிலக் குறிப்பு புரியவில்லையா என்று முதலில் பாருங்கள். குறிப்பை நீங்கள் தமிழில் வாசித்துச் சொன்னதும் கட்டத்தைத் தாண்டிவிட்டால், பிள்ளைக்குக் கேம் பொருந்துகிறது; பக்கத்தில் ஓர் ஆள்தான் வேண்டும்.

பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள் என்று கேட்பவர்களிடம் சொல்கிறேன். நீங்களே கால்மணி நேரம் ஆடுங்கள். வேண்டுமென்றே தப்பாக ஆடுங்கள். கேமில் ஜெயிக்கத் தெரியாது என்று தயங்க வேண்டாம். தோற்க எல்லோராலும் முடியும். தோற்றபின் திரையில் என்ன வருகிறது? என்ன தவறு என்று காட்டுகிறதா, விலைப்பட்டியல் காட்டுகிறதா, ஒன்றுமே சொல்லாமல் ஆரம்பத்துக்குத் துரத்துகிறதா? திரும்ப முயல எத்தனை தட்டு தட்ட வேண்டும்? உங்களுக்கே எரிச்சல் வந்தால் அது எந்த வகை எரிச்சல்: 'இரு, உன்னைப் பிடிக்கிறேன்' என்பதா, 'சே, போ' என்பதா? டிரெய்லர் ஓட்டும் அந்த நண்பர் இப்படிச் செய்துவிட்டு வந்து, ஒரு கேமைப் பற்றி "தோத்தா காசு கேக்குது சார், வேணாம்" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார். அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எழுத முடியாது.

பெயர் சொல்லிக் கேட்டால், என் கணக்கு இப்படி. இன்னும் சரளமாக வாசிக்காத ஐந்து முதல் ஏழு வயதுக்கு, 2014 இல் வந்த ஸ்க்ராட்ச் ஜூனியர். படங்களை ரயில்பெட்டி போலக் கோத்தால் போதும், இலவசம். எட்டு, ஒன்பதுக்கு லைட்பாட். சின்ன ரோபோவை நடத்தி விளக்கேற்றும் கேம், மொழி அதிகம் தேவைப்படாது. பத்து வயதைத் தாண்டியதும் கோட்காம்பாட், ஆங்கிலம் வாசித்துச் சொல்லப் பக்கத்தில் ஓர் ஆளோடு. கேமே வேண்டாம், தானே ஒன்றைச் செய்ய வேண்டும் என்று துடிக்கும் பிள்ளைக்கு எந்த வயதிலும் ஸ்க்ராட்ச் நிரல்மொழி அல்லது எழில். பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு ஹியூமன் ரிசோர்ஸ் மெஷின். ரோபோட் ஒடிசியை ஆர்வலர்கள் இப்போது பிரவுசரிலேயே ஓடும்படி செய்து வைத்திருக்கிறார்கள். நம் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் லாஜிக் கேட் பாடம் வரும்போது அதைத் திறந்து கொடுங்கள். அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர் ஹைடெக் லேபின் பெரிய திரையில் போட்டு, முதல் சாக்கடை அறையை வகுப்பே சேர்ந்து கடக்கும்படி செய்தால் இன்னும் நல்லது.